டிரெய்லர் படகில் பாய்மரம் ஏற்ற: கைபலமா, கப்பியா, கிரேனா?

டிரெய்லரில் வைத்து இழுத்துப் போகும் பாய்மரப் படகு வாங்க வருகிறவர்கள் நீளம் கேட்பார்கள், பாய் எப்படியிருக்கிறது என்று பார்ப்பார்கள், மோட்டார் எத்தனை ஹெச்பி என்பார்கள். பாய்மரத்தை யார் நிமிர்த்துவது என்ற கேள்வி மட்டும் படகு வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எழும். திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ வீடு, எண்ணூர் முகத்துவாரத்திலோ பழவேற்காட்டிலோ படகை இறக்குவது என்றால், ஒவ்வொரு முறையும் கரையில் மரத்தை ஏற்றி, திரும்பும்போது சாய்த்துக் கட்டியாக வேண்டும்.

இதற்கு நாலைந்து முறைகள் உண்டு. எல்லாமே மரத்தை நிமிர்த்திவிடும். அவற்றைத் தரம் பிரிக்க நான் வைத்திருப்பது ஒரே கேள்வி: மரம் பாதி உயரத்தில் நிற்கும்போது ஏதாவது சிக்கிக்கொண்டால், இரண்டு கையையும் எடுத்துவிட்டுப் போய் அதைச் சரிசெய்ய முடியுமா? வேகம், செலவு, எத்தனை பேர் வேண்டும் என்பதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

ஒப்பிட வசதியாக ஒரு படகை வைத்துக்கொள்வோம். 22 அடி, அலுமினிய மரம் ஏழரை மீட்டர், அதை முன்னாலும் பக்கங்களிலும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளோடு சேர்த்து 25 கிலோ, எடை மையம் அடியிலிருந்து மூன்றரை மீட்டர். மரத்தின் அடியில் கதவுக்கு இருப்பது போன்ற கீல் இருக்கிறது, பின்பக்கமாகச் சாயும். இந்த அளவு படகுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

முதலில் தலைக்கு மேலே

எந்த முறையாக இருந்தாலும், உயிரைப் பறிக்கக்கூடியது மின்கம்பிதான். தெருவின் குறுக்கே போகும் கம்பிக்கு இந்திய விதிகள் சொல்லும் குறைந்தபட்ச உயரம், குறைந்த அழுத்தக் கம்பிக்கு 5.8 மீட்டர், 11 கிலோவோல்ட் கம்பிக்கு 6.1 மீட்டர். டிரெய்லர் மேல் நிற்கும் படகின் கேபின் கூரையே தரையிலிருந்து இரண்டு மீட்டர் இருக்கும். அதன்மேல் ஏழரை மீட்டர் மரம் நின்றால் உச்சி ஒன்பதரை மீட்டர். அதாவது, விதிப்படி சரியாக இழுத்துக் கட்டிய கம்பிகூட நம் மரத்தின் நடுப்பகுதி உயரத்தில்தான் ஓடும்.

எண்ணூர், மணலி, அத்திப்பட்டு பக்கம் இன்னும் மோசம். வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து புறப்படும் 230, 400 கிலோவோல்ட் கோபுரங்கள் உப்பங்கழியெங்கும் நிற்கின்றன. அந்த அழுத்தத்தில் மரம் கம்பியைத் தொட வேண்டியதே இல்லை. நெருங்கினாலே மின்சாரம் தாவிவிடும். அலுமினியம் கடத்தும், ஸ்டெயின்லெஸ் கம்பி கடத்தும், பனியில் நனைந்த கட்டைகூடக் கடத்தும்.

அதனால் மரம் ஏற்றும் இடத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் டிரெய்லர் போகும் வழி முழுவதையும் ஒருமுறை மேலே பார்த்தபடி நடந்து வர வேண்டும். சாயங்காலம் சாய்க்கப் போகும் இடத்தையும் காலையிலேயே பார்த்து வைத்துவிடுங்கள். இருட்டும் நேரத்தில் வானத்தின் பின்னணியில் கம்பி கண்ணுக்கே தெரியாது.

தரை சமமாக இருக்கட்டும். டிரெய்லர் காரோடு கோத்தபடியே இருக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். காரிலிருந்து கழற்றிய டிரெய்லரில் இரண்டு பேர் படகின் பின்பக்கம் ஏறினால் முன்பக்கம் அப்படியே தூக்கிக்கொள்ளும்.

கைபலம்

செலவே இல்லாத முறை. மரத்தின் அடியைக் கீலில் போல்ட் போட்டு மாட்டி, பின்பக்கத் தாங்கியிலிருந்து தூக்கித் தோளில் வைத்து, ஒருவர் முன்னோக்கி நடந்தபடியே தள்ளுவார். இன்னொருவர் படகின் முன்நுனியான அணியத்தில் நின்று, பாயை ஏற்றும் கயிறான ஹால்யார்டைப் பிடித்து இழுப்பார். மரம் நின்றதும் முன்கம்பியை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

25 கிலோதானே என்று தோன்றும். தள்ளுபவரின் தோள் கீலுக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், 45 டிகிரியில் சுமை உச்சத்துக்குப் போகிறது: ஏறக்குறைய 29 கிலோ. அந்தக் கணத்தில் அவர் கீலுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் நிற்பார். பல படகுகளில் அதுதான் உட்காரும் பள்ளம் முடிந்து கேபின் கூரை தொடங்கும் இடம். சுமை உச்சத்தில் இருக்கும்போது ஒரு காலைத் தூக்கி மேலே வைக்க வேண்டும், அதுவும் பனி படிந்த ஃபைபர் மேல். முன்னால் இழுப்பவர் இருக்கிறாரே என்றால், மரம் தாழ்வாக இருக்கும்வரை அவருடைய கயிறு மரத்தை ஒட்டியே கிடக்கும். அவர் இழுக்கும் பலம் மரத்தைத் தூக்குவதைவிடக் கீலை நோக்கி அழுத்தத்தான் பெரும்பாலும் போகும். மரம் பாதிக்கு மேல் எழுந்த பிறகுதான் அவரால் உருப்படியான உதவி.

ஆனால் வடசென்னையில் ஆள் பலத்துக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கரையில் மரத்தோடு மல்லுக்கட்ட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் நாலு பேர் கூடிவிடுவார்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். அவர்களில் கடலுக்குப் போகிற கைகள் இரண்டு இருந்தால் 25 கிலோ மரம் ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை, எல்லோரும் உதவுவார்கள் என்பதில் இருக்கிறது. ஒருவர் பக்கக் கம்பியைப் பிடித்து இழுப்பார், ஒருவர் மரத்தின் கீழேயே நின்று தாங்குவார், ஒருவர் எதிர்ப்பக்கக் கயிற்றைச் சுற்றிக் கட்டியே விடுவார். உதவி வாங்குங்கள், ஆளுக்கு ஒரு வேலையைச் சொல்லுங்கள். வேலை இல்லாதவரைத் தள்ளி நின்று 'நிறுத்து' என்று கத்தும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அது வேடிக்கையாகச் சொன்னதில்லை, அந்த வேலைக்கு நல்ல கண் வேண்டும்.

காசிமேட்டில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இந்தக் கைபல முறையைப் பெருமையாக விளக்கினேன். கேட்டுவிட்டு, "எல்லாம் கரீட்டுதான் தம்பி. பாதில எதுனா மாட்டிக்கினா யாரு போயி எடுப்பா?" என்றார். "நிறுத்திட்டுப் போய் எடுக்கணும் அண்ணே" என்றேன். "மரத்த எங்க வெச்சிட்டுப் போவ?" என்றார். பதில் இல்லை. கைபலம் தோற்கும் இடம் அதுதான்.

ஜின் போலும் கப்பிக் கயிறும்

மரத்தின் அடியில், அதற்குச் செங்குத்தாக முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டும் குழாய்தான் ஜின் போல். குழாயின் நுனியிலிருந்து ஒரு கயிறு மரத்தின் மேல்பகுதிக்கும், இன்னொரு கப்பித் தொகுதி அணியத்துக்கும் போகும். மரம் படுத்திருக்கும்போது குழாய் நிமிர்ந்து நிற்கும். கப்பிக் கயிற்றை இழுக்க இழுக்கக் குழாய் அணியத்தை நோக்கிச் சாயும், மரம் எழும். மரம் தாழ்வாக இருக்கும்போதே கயிற்றுக்கு நல்ல கோணம் கிடைத்துவிடுவதுதான் இதன் சூட்சுமம்.

குழாய் எவ்வளவு நீளம் என்பதில் கஞ்சத்தனம் கூடாது. நம் படகில் கீலுக்கும் அணியத்துக்கும் இரண்டரை மீட்டர் என்றால், ஒரு மீட்டர் குழாய்க்குத் தொடக்கத்தில் 94 கிலோ இழுவிசை வேண்டும். இரண்டு மீட்டர் குழாய்க்கு 56 கிலோ போதும். நாலு மடிப்புக் கப்பி போட்டால் கைக்கு வருவது 14 கிலோ, உராய்வையும் சேர்த்தால் 18, 20. ஒருவர் ஒற்றைக் கையால் இழுக்கலாம். கயிற்றைப் பற்களால் கவ்விப் பிடிக்கும் கேம் கிளீட் கப்பியிலேயே இருந்தால், கையை எடுத்ததும் மரம் அங்கேயே நிற்கும். பெரியவரின் கேள்விக்கு இதுதான் பதில். அப்படி நிறுத்திவிட்டுப் போவதற்கு முன் கயிற்றின் வாலை ஒரு கொம்புக் கிளீட்டில் (கயிறு சுற்றிக் கட்டும் இரட்டைக் கொம்புப் பிடி) இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். தேய்ந்த பற்களை நம்பி மரத்தடிக்குப் போகாதீர்கள்.

சாமான் எல்லாம் ஊரிலேயே கிடைக்கும். 40 மில்லிமீட்டர் நடுத்தர ஜிஐ குழாய் இரண்டு மீட்டர் வெட்டினால் ஏழு கிலோ சொச்சம் வரும். தூக்கி மாட்டக் கனமாக இருந்தால் அலுமினியம். போல்ட்டும் வளையமும் லிங்கிச் செட்டித் தெருவில் வாங்கலாம், ஆனால் 316 தர ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். 304 எண்ணூர்க் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கயிறு பாலியஸ்டர் பின்னல், 10 மில்லிமீட்டர். மீன்பிடிக் கயிறு மலிவு, கரையெங்கும் கிடைக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலானது பாலிபுரொப்பிலீன்; விறைப்பாக இருக்கும், கிளீட்டில் வழுக்கும். நைலான் நீளும், அதில் தொங்கும் மரம் மேலும் கீழும் குதிக்கும். நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள்: குழாய் நுனியிலிருந்து அணியத்துக்கு 3.2 மீட்டர், அதை நாலு முறை எடுத்தால் 13 மீட்டர், கைக்கு வால் சேர்த்து 16, 17. பெரிய பாயை இழுத்துத் தளர்த்தும் ஷீட் கயிற்றையே இதற்குப் பயன்படுத்தலாம் என்பார்கள். நீளம் போதுமானால் தாராளமாகச் செய்யலாம்.

இந்த முறையின் பலவீனம் பக்கவாட்டு ஆட்டம். நிமிர்ந்த மரத்தைப் பிடித்திருக்கும் பக்கக் கம்பிகள், மரம் சாயும்போது தளர்ந்துவிடும். அவற்றின் அடிப்பிடி பொதுவாகக் கீலுக்குக் கீழேயோ பின்னாலோ இருப்பதுதான் காரணம். தளர்ந்த நிலையில் மரம் ஒரு பக்கம் சரிந்தால், முழுப் பக்கச் சுமையும் கீல் போல்ட்டில் விழும்; கீல் ஃபைபரோடு பிய்ந்துகொண்டு வரும். இதைத் தடுக்க, மரத்தில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இருபுறமும் இரண்டு குட்டிக் கம்பிகள் கட்ட வேண்டும். அவற்றின் கீழ்முனை வளையங்கள் கீல் போல்ட்டின் நேர்க்கோட்டில், அதே உயரத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மரம் படுத்திருந்தாலும் எழுந்தாலும் கம்பியின் இழுப்பு மாறாது. வளையம் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போனால் வழியில் ஓரிடத்தில் தளரும், அல்லது வயலின் தந்தி மாதிரி விறைத்து எதையாவது பிய்க்கும். ஜின் போலின் நுனிக்கும் அதே வளையங்களிலிருந்து இரண்டு கயிறு கொடுங்கள். அது சரிந்தாலும் கதை அதேதான்.

சரி, பாதியில் நிறுத்தி எதைப் பார்க்கப் போகிறோம்? முக்கியமாக, கம்பியைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிளை. மரம் எழும்போது தளர்வான பக்கக் கம்பி, தன் அடியிலுள்ள டர்ன்பக்கிளைக் குறுக்காகத் திருப்பி நிறுத்திவிடும். பார்க்க ஒன்றுமில்லாதது போல, ஒரு விரல் நீளத் துண்டு சற்றே கோணலாக நிற்கும். மேலும் இழுத்தால் அதன் திருகு வளையும். வளைந்த திருகை நிமிர்த்திப் போட்டால், பாய் விரித்து நல்ல காற்றில் ஓடும்போது அது முறியும். அடுத்தது, கம்பி போய் மாட்டிக்கொள்ளும் இடங்கள்: ஜன்னல் கைப்பிடி, கிளீட், சுக்கான் கீல், டிரெய்லரின் பக்கக் கம்பம். மரம் 20 டிகிரி எழுந்ததும் ஒருமுறை, 60 டிகிரியில் ஒருமுறை நிறுத்தி, படகைச் சுற்றி வந்து ஒவ்வொரு கம்பியையும் கையால் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ஏ சட்டம்

ஒற்றைக் குழாய்க்குப் பதில் இரண்டு குழாய்களை நுனியில் இணைத்து, கால்களைப் படகின் இரு பக்கமும் ஊன்றினால் ஏ சட்டம். சட்டம் தானாகப் பக்கவாட்டில் சரியாது, அதற்குத் தனிக் கயிறு வேண்டாம். மரத்துக்குக் குட்டிக் கம்பி இதிலும் வேண்டும். சட்டம் மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்காது. கால்கள் ஊன்றும் இரண்டு புள்ளிகளும் கீலின் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும், படகுக்குப் படகு உடல் மாறுவதால் பட்டறையில் நின்று அளந்து செய்ய வேண்டும். இரண்டு நீளக் குழாயை டிரெய்லரில் எங்கே கட்டுவது என்பது தனித் தலைவலி. 30 கிலோவைத் தாண்டும் மரத்துக்கு இதைப் பரிந்துரைப்பேன். நம் 25 கிலோவுக்கு ஒற்றைக் குழாயே போதும்.

வின்ச்

டிரெய்லரின் முன்பக்கம் படகை இழுத்து ஏற்ற, கைப்பிடியைச் சுற்றினால் பட்டையை இழுக்கும் ஒரு கை வின்ச் ஏற்கெனவே இருக்கும். அதன் பட்டையை ஜின் போல் நுனியில் மாட்டிச் சுற்றினால் மரம் சிரமமில்லாமல் எழுந்துவிடும். பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ராட்செட் இருப்பதால் பாதியிலும் நிற்கும். ஒரே ஆளாகச் செய்பவர்களுக்கு ஆசை காட்டும் முறை இது.

எனக்கு இதில் இரண்டு மனக்குறை. ஒன்று, வின்ச் கையில் எதையும் உணர்த்தாது. கப்பிக் கயிற்றில் ஒரு கம்பி மாட்டினால் 18 கிலோ திடீரென்று 30 ஆகும், கை உடனே நின்றுவிடும். வின்ச்சில் அந்த வித்தியாசம் தெரியாது. டர்ன்பக்கிள் வளைந்து முடிந்த பிறகுதான் சத்தம் வரும். 12 வோல்ட் மின் வின்ச் என்றால் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது, இறக்கும்போது. சாதாரண டிரெய்லர் வின்ச்சில் பிரேக் கிடையாது. இறக்க வேண்டுமானால் ராட்செட்டை விடுவித்து, கைப்பிடியைப் பிடித்தபடியே பின்னோக்கிச் சுற்ற வேண்டும். கை வழுக்கினால் மரத்தின் எடை முழுவதும் கைப்பிடியைச் சுழற்றும். அந்த வேகத்தில் கையைக் கொடுத்துப் பிடிக்க முயன்றவர் விரலோ மணிக்கட்டோ முறியாமல் வருவது கடினம். கைப்பிடியை விட்டதும் தானே நின்றுவிடும் பிரேக் வின்ச் தனியாக விற்கிறார்கள். வின்ச் வழியே போவதாக இருந்தால் அது மட்டும்தான்.

ஹைட்ரா கிரேன்

எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலியிலும் ஹைட்ரா கிரேனுக்குக் குறைவில்லை. கீல் இல்லாத மரம், ஒன்பது மீட்டருக்கு மேல் நீளமான மரம் என்றால் கிரேன்தான் சரி. பட்டையை எடை மையத்துக்கு மேலே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் மரம் தலைகீழாகக் கவிழும். பக்கக் கம்பிகளை விலக்கிப் பிடிக்கும் குறுக்குத் தண்டான ஸ்பிரெடருக்கு அடியில் கட்டினால் பட்டை மேலே வழுக்காது. ஆனால் கிரேனின் கொம்பும் மின்கம்பிக்குப் போகும் இன்னொரு உலோகம் என்பதை மறக்கக் கூடாது. வாடகையை ஒரு நாள் உலாவுக்கு இரண்டு முறை கொடுக்க முடியாது என்பதால், மாதக்கணக்கில் மரத்தை ஏற்றியே வைத்திருப்பவருக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

மாதக்கணக்கில் ஏற்றியே வைப்பதும் ஒரு வழிதான். 1911 முதல் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்படிப் பாதுகாப்பான இடம் கிடைப்பவர் இந்தக் கட்டுரையின் பாதியைப் படிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வரும்போது மரத்தைச் சாய்த்துக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது திறந்த வெளியில் நிமிர்ந்த மரத்தோடு நின்ற எதற்கும் நிம்மதி இருந்திருக்காது.

சாய்ப்பதுதான் கடினம்

ஒப்பிடும்போது பலரும் ஏற்றுவதை மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு சாய்ப்பதுதான் முக்கியம். ஏற்றும்போது காலை வேளை, கடல்காற்று இன்னும் எழவில்லை, உடம்பில் தெம்பு இருக்கிறது. சாய்க்கும்போது எல்லாம் நேர்மாறு: நாள் முழுதும் வெயில் குடித்த உடம்பு, கிழக்கிலிருந்து வீசும் காற்று, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். காலையில் உதவிய நாலு பேரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இயக்கமும் வேறு. நிமிர்ந்த மரம் கீலின்மேல் ஏறக்குறைய சமநிலையில் நிற்கிறது. முன்கம்பியைக் கழற்றினாலும் அது தானாகச் சாயாமல் நிற்கலாம். அப்போது பின்பக்கமிருந்து லேசாக இழுத்துவிட வேண்டும். முதல் சில டிகிரிக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும், அதில் ஏமாந்து கயிற்றைத் தளரவிட்டால் அடுத்த கணமே எடை வந்து சேரும். கைபலத்தில் சாய்ப்பவருக்கு இன்னொரு கஷ்டம்: பின்னோக்கி நடக்க வேண்டும், கூரையிலிருந்து பள்ளத்துக்குக் கண் தெரியாமல் இறங்க வேண்டும், அதுவும் அந்த 45 டிகிரி சுமையோடு.

அதனால் வரிசை மாறவே கூடாது. குட்டிக் கம்பிகளை மாட்டு, ஜின் போலை மாட்டு, கப்பிக் கயிற்றை இறுக்கிக் கிளீட்டில் போடு. கயிறு மரத்தைப் பிடித்திருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார். அப்புறம்தான் முன்கம்பியின் பின்னை எடு. பின்பக்கம் மரம் விழக்கூடிய ஏழரை மீட்டருக்குள் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. கயிற்றை விடுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும், ஒரு சுற்றாவது கிளீட்டைச் சுற்றிக் கயிற்றை விடட்டும். முன்பாயை ஏற்றும் ஜிப் ஹால்யார்டை நம்பி மரத்தைத் தொங்கவிடுவதாக இருந்தால் அதன் வயதைப் பாருங்கள். நம் வெயிலில் மேலே உரசியே கிடந்த கயிறு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உளுத்திருக்கலாம்.

சாய்வுத்தளத்தில், பின்பக்கம் தண்ணீரை நோக்கித் தாழ்ந்திருக்கும்போது சாய்க்கத் தொடங்குவது எளிது, ஏற்றுவது கூடுதல் கனம். இரண்டுக்கும் நடுவில் சமதரையே நல்லது. தண்ணீரில் மிதந்தபடி செய்யலாமா என்றால், ஃபைபர் போட்டுகள் போய் வரும் இடத்தில் வேண்டாம். ஒரு போட்டின் அலையில் படகு பத்து டிகிரி உருண்டாலே மர உச்சி ஒரு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போய்வரும்.

யாருக்கு எது

16 அடிக்குக் கீழே, மரம் 12, 15 கிலோ என்றால் கைபலமே போதும், ஆனால் இரண்டு பேர் வேண்டும். 20 முதல் 24 அடி வரை, வழக்கமாக இரண்டு பேர், அல்லது ஒருவரும் பழக்கமில்லாத நண்பரும் என்றால் ஜின் போல், நாலு மடிப்புக் கப்பி, குட்டிக் கம்பிகள். தனியாகவே போகிறவர் இதோடு பின்பக்கத்தில் ரோலர் வைத்த உயரமான தாங்கியையும் செய்துகொள்ளட்டும். மரத்தைப் பயண நிலையிலிருந்து பின்னுக்கு உருட்டிக் கீலில் மாட்டும்போது அது பாதி எடையை வாங்கிக்கொள்ளும், மரம் எழத் தொடங்கும் கோணமும் கூடும். கயிறு இழுக்கத் தோளில் வலி உள்ளவருக்குப் பிரேக் வின்ச். அதற்கு மேல் நீளமென்றால் கிரேன், அல்லது மரத்தை ஏற்றியே வைக்க ஓர் இடம்.

கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஜின் போலை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, குட்டிக் கம்பிகளையும் வளையங்களையும் முதலில் போடுங்கள். கைபலத்தில் ஏற்றினாலும் அவை மரத்தைப் பக்கவாட்டில் விழவிடாது. வளையம் பதிக்கும் இடத்தில் கூரைக்கு அடியில் ஒரு தகடு கொடுத்து போல்ட் போடச் சொல்லுங்கள், வெறும் ஃபைபரில் திருகாணி முடுக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.